புல்லட்டின் அசல் நிறம் எது?

பழைய வாகனக் கண்காட்சி எதற்காவது போய்ப் பாருங்கள். வரிசையில் புல்லட்டுகள் நிறைய நிற்கும். எல்லாம் முகம் பார்க்கலாம் போன்ற கறுப்பு. டேங்கில் தங்கக் கோடு, பீரங்கிச் சின்னம், 'ராயல் என்ஃபீல்டு' என்ற எழுத்து. பக்கத்தில் ஓர் அட்டை: 'பழைய மாடல், அசல்'. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் வயதுக்காரர்கள் மட்டும் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்போம். அந்தக் காலத்துப் புல்லட் இப்படியா இருந்தது என்று மனதுக்குள் ஒரு கேள்வி ஓடும்.

கேள்வி நியாயமானதுதான். பளபளப்பு வேறு, அசல் வேறு. ஒரு வண்டிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம். ஆலையில் அடித்த பெயின்ட் ஒரே ஒரு தடவைதான். அதைச் சுரண்டிவிட்டால் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பாது. நம் ஊர்ப் புல்லட் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திருவொற்றியூரில் பிறந்த வண்டிக்கு இங்கிலாந்து வேஷம் போட்டு, அதைத்தான் 'அசல்' என்கிறார்கள். நம் ஊர்த் தொழிலாளிகளின் கைவேலை அந்த வேஷத்துக்கு அடியில் அழிந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

ரெடிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயரில் ரெடிச் என்று ஓர் ஊர். ஊசி தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துதரும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில் வைத்துக்கொண்ட பெயர்தான் ராயல் என்ஃபீல்டு. பீரங்கிச் சின்னமும், துப்பாக்கியைப் போல் உறுதியாகச் செய்தது என்ற விளம்பர வாசகமும் அந்தத் தொடர்பில் வந்தவை. 1901-ல் அவர்களுடைய முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் 'புல்லட்' என்ற பெயர். நாம் அறிந்த புல்லட், அதாவது பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த 350 சி.சி. வண்டி, 1949-ல் விற்பனைக்கு வந்தது.

அதே 1949-ல் சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயர் 'மதராஸ் மோட்டார்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றார்கள். எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேடிய நம் ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கேயே ஓர் ஆலை வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த ஆர்டர்தான் வழி செய்தது. 1955-ல் ரெடிச் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவாயிற்று. 1956-ல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 163 புல்லட்டுகள் வெளிவந்தன என்பது கம்பெனியின் கணக்கு.

முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும். இங்கே பூட்டி ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே உருவாகும் நிலை வந்தது. இங்கிலாந்தில் புல்லட் அதே காலத்தில் நின்றுபோனது. ரெடிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் அங்கே கம்பெனியின் கதையே முடிந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் புல்லட் என்றால் அது திருவொற்றியூர்ப் புல்லட்தான். 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனதும் நடந்தது.

1970களிலும் 80களிலும் வந்த வண்டிகளின் டேங்கைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் 'என்ஃபீல்டு' என்றுதான் இருக்கும், 'ராயல்' கிடையாது. ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகு, 1990களின் நடுவில்தான் 'ராயல்' மறுபடி ஒட்டிக்கொண்டது. ஆகவே 1978-ம் ஆண்டு வண்டியின் டேங்கில் 'ராயல் என்ஃபீல்டு' என்று மின்னினால், ஆலைக்கு வெளியே யாரோ செய்த அலங்காரம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எண்கள்

விவரம் தெரிந்தவர் பழைய வண்டியிடம் போனால் பெயின்டைப் பார்க்க மாட்டார். குனிந்து எண்களைத் தேடுவார். என்ஜின் எண் கிராங்க்கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்தை ஒட்டி இருக்கும். சேசிஸ் எண் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். இந்த இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்களே, அந்தப் பழைய வழி இன்றும் உதவும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் தாளில் தெரிந்துவிடும்.

ஆலையில் எண் அடித்த இடத்தில் உலோகத்தின் மேற்பரப்பு சுற்றிலும் இருப்பதைப் போலவே இருக்கும். பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புதிது அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக, சற்றுப் பள்ளமாக, கோடு கோடாக இருக்கும். எழுத்துகளின் உருவமும் ஆழமும் மாறும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று எம்பியிருக்கும். ஆலையில் அடித்ததும் அச்சடித்த மாதிரி நேர்த்தியாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் உலோகத்தை ராவியிருக்க மாட்டார்கள்.

ரெடிச்சில் செய்த வண்டிகளுக்கு அனுப்புகைப் பேரேடுகள் உண்டு. அங்குள்ள ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் கழகம் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. நம் வீட்டு வண்டிக்குப் பேரேடு என்றால் அது பழைய ஆர்.சி. புத்தகம்தான். மூன்றெழுத்துப் பதிவு எண், முதல் சொந்தக்காரர் பெயர், நிறம், கைமாறிய தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். தகரப் பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மரையும் பெயரும்

அடுத்த சாட்சி போல்ட்டும் நட்டும். இங்கிலாந்து வண்டிகளில் ஆங்கில அளவு மரைகள். விட்வொர்த் மரை, சைக்கிள் மரை என்று பல வகை. சைக்கிள் மரையில் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று, நெருக்கமாக இருக்கும். அதற்கான ஸ்பானரும் தனி. விட்வொர்த் ஸ்பானரில் கால் அங்குலம் என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் விட்டம். ஸ்பானர் வாயின் அகலம் இல்லை. இது தெரியாமல் மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகித்தான் எத்தனையோ பழைய நட்டுகளின் மூலைகள் தேய்ந்து உருண்டைகளாயின. திருவொற்றியூர்ப் புல்லட்டிலும் இந்த ஆங்கில மரைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. ஆகவே 1960களின் வண்டியில் ஒரே சீராக மில்லிமீட்டர் போல்ட்டுகள் மின்னினால், அது முழுவதும் பிரித்துப் பூட்டிய வண்டி.

பாகங்களில் பொறித்த பெயர்களைப் படிப்பது இன்னும் சுவாரசியம். இங்கிலாந்துப் புல்லட்டில் மின்சாதனம் பர்மிங்ஹாமின் லூகாஸ், கார்புரேட்டர் அதே ஊரின் அமால், ஸ்பீடோமீட்டர் லண்டன் ஸ்மித்ஸ், கியர்பாக்ஸ் ஆல்பியன். நம் நாட்டில் பாகங்கள் செய்யத் தொடங்கியதும் பெயர்கள் மாறின. ஒரு மின்பாகத்தில் 'லூகாஸ்' என்று மட்டும் இருந்தால் ஒரு கதை. 'லூகாஸ்-டி.வி.எஸ்.' என்று இருந்தால் வேறு கதை. பாடியில் அந்த நிறுவனம் தொடங்கியதே 1961-ல். எனவே '1957 மாடல், எல்லாம் ஒரிஜினல்' என்று சொல்லும் வண்டியில் அந்தப் பெயர் இருந்தால், அந்தப் பாகம் பிற்பாடு வந்தது. 'மிக்கார்ப்' என்று பொறித்த கார்புரேட்டர் ஜப்பான் மிகுனி நிறுவனத்தின் தொடர்பில் 1980களில் வந்தது. 1965 வண்டியில் அது இருந்தால் குற்றம் ஒன்றும் இல்லை; ஓடுவதற்காக மாற்றியிருப்பார்கள். ஆனால் அதை அசல் என்று சொல்லி விலை ஏற்றக் கூடாது.

விளக்குத் தலையையும் பாருங்கள். ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்மீட்டர் எல்லாவற்றையும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் வைத்து, இரண்டு பக்கமும் புலிக்கண் மாதிரி சின்ன விளக்குகள் வைத்த அந்த முகப்பு ரெடிச்சில் 1954 மாடலோடு வந்தது. அதையே நம் ஆலையும் வைத்துக்கொண்டது. பிற்காலத்துப் பிள்ளைகள் அதைக் கழற்றிவிட்டுத் தனி வட்ட ஹெட்லைட் மாட்டினார்கள். அப்படிக் கழற்றிய முகப்புகள் புதுப்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடந்த காலமும் உண்டு. இன்று அதே முகப்பைத் தேடி அலைகிறார்கள்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஆரம்ப ஆண்டுகளின் சென்னைப் புல்லட்டில் இங்கிலாந்துப் பாகமும் இந்தியப் பாகமும் கலந்துதான் இருக்கும். கப்பலில் வந்த பெட்டியில் இருந்ததையும் இங்கே செய்ததையும் சேர்த்துப் பூட்டினார்கள். அந்தக் கலப்பே அதன் அசல் தன்மை. 'கலப்படம்' என்று நினைத்து எல்லாவற்றையும் இங்கிலாந்துப் பாகமாக மாற்றுகிறவர்கள், சரியாக இருந்த வண்டியைத் தவறாக்குகிறார்கள்.

நிறம் எங்கே ஒளிந்திருக்கும்?

இனி நிறம். 'புல்லட் என்றால் கறுப்பு, அதுதான் இங்கிலாந்து அசல்' என்று பலர் நினைக்கிறார்கள். 1949-ல் ரெடிச்சிலிருந்து வந்த 350 புல்லட் வெள்ளி கலந்த சாம்பல் நிறம், டேங்கில் குரோமியம். 1950களில் வந்த 500 புல்லட் செம்பு கலந்த பழுப்பு. கறுப்பும் தங்கக் கோடும் நம் மனதில் பதிந்ததற்கு முக்கியக் காரணம் நம் ஆலைதான். இங்கிலாந்தைக் காப்பியடிப்பதாக நினைத்துக் கறுப்பு அடிக்கிறவர், உண்மையில் திருவொற்றியூரைத்தான் காப்பியடிக்கிறார்!

குறிப்பிட்ட ஒரு வண்டியின் முதல் நிறத்தைக் கண்டுபிடிக்க, வெயிலும் கையும் படாத இடங்களில் தேட வேண்டும். டேங்கைக் கழற்றினால் அதன் அடிப்பாகம். டேங்க் பேட்ஜுக்குப் பின்னால். சீட்டுக்கு அடியில் பின் மட்கார்டு. டூல்பாக்ஸ் மூடியின் உட்புறம். ஹெட்லைட் வளையத்துக்கு உள்ளே. பெயின்டர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் இந்த இடங்களில் மெனக்கெட மாட்டார். சோம்பலும் சில சமயம் நல்லதுதான்.

மேலே பல பூச்சு இருந்தால் நுண்ணிய வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மறைவான ஓர் இடத்தில் எட்டணாக் காசு அளவுக்கு மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் இரும்பு தெரியும் வரை போனால், அதைச் சுற்றி வளையம் வளையமாக நிறங்கள் தெரியும். மரத்தை அறுத்தால் தெரியும் ஆண்டு வளையம் மாதிரி. இரும்பை ஒட்டியது பிரைமர், அடுத்தது ஆலை நிறம். பிறகு ஒவ்வொரு சொந்தக்காரரின் ஆசையும் ஒவ்வொரு வளையம். நடுவே பட்டி பூசிய வெள்ளை அல்லது சாம்பல் வளையம் இருந்தால், எங்கோ ஒரு தடவை விழுந்து எழுந்து டிங்கர் வேலை நடந்திருக்கிறது.

பெயின்டின் வகையும் காலத்தைச் சொல்லும். பழைய காலத்தில் சேசிஸ், மட்கார்டு போன்றவற்றை எனாமலில் முக்கியோ பூசியோ சூளையில் சுடுவார்கள். அது கெட்டியானது, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாலும் எளிதில் கரையாது. செல்லுலோஸ் பெயின்ட் என்றால் துணியில் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். இக்காலத்தில் இரண்டு திரவம் கலந்து அடிக்கும் பெயின்டும் தின்னருக்குக் கரையாது. ஆனால் அதன் தடிப்பும் கண்ணாடிப் பளபளப்பும் காட்டிக் கொடுத்துவிடும். பளபளப்பு ஆழமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

நிறத்தைப் பார்க்கும்போது கண் ஏமாறும் இடமும் உண்டு. வெயிலில் சிவப்பு வெளுத்து ஆரஞ்சு பக்கம் போகும். மேலே பூசிய வார்னிஷ் வயதாகி மஞ்சளானால் வெள்ளை கிரீமாகவும் நீலம் பச்சையாகவும் தெரியும். அதனால்தான் டேங்கின் மேல்பக்கத்தைப் பார்த்து நிறம் கலக்கக் கூடாது. பேட்ஜுக்குப் பின்னால் பார்த்துக் கலக்க வேண்டும்.

தங்கக் கோட்டுக்கு வருவோம். நான் வளர்ந்த வடசென்னைத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ஆலை வேலை. என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று ஷிப்டு பார்த்துத்தான் தெருவே தூங்கி எழும். புல்லட் ஆலையில் டேங்குக்குக் கோடு போடும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். "அண்ணே, கை நடுங்காதா?" என்று ஒருமுறை கேட்டேன். "மூச்சை அடக்கிக்கிட்டு ஒரே இழுப்பா இழுக்கணும் தம்பி. நடுவுல மூச்சு விட்டா கோடும் நெளிஞ்சுடும்" என்றார். நீண்ட மயிர் வைத்த தூரிகை, ஸ்கேல் கிடையாது, டேப் கிடையாது. கைக்கோட்டில் தடிமன் நூலிழை மாறும். தொடங்கிய இடமும் முடித்த இடமும் சேரும் புள்ளியில் பூச்சு சற்றுத் தடித்திருக்கும். ஸ்டிக்கர் கோடு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு. விரல் நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். குறையில்லாத கோடு என்றால் அது அசல் கோடு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புக்கு அடியில் பச்சை

வாட்டர் பேப்பரில் தேய்க்கும்போது கறுப்புக்கு அடியில் ராணுவப் பச்சை தெரிந்தால் அதைத் தவறு என்று நினைக்காதீர்கள். அது ஒரு சர்வீஸ் ரெக்கார்டு. ராணுவம் ஓட்டி முடித்து ஏலத்தில் விட்ட வண்டிகளைச் சிவிலியன்கள் வாங்கினார்கள். ராணுவ வாகனம் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி சொல்கிறது. எனவே வாங்கியவர் கறுப்போ சிவப்போ அடித்துத்தான் பதிவு செய்தார். அடியில் இருக்கும் பச்சை, அந்த வண்டி ராணுவத்தில் இருந்ததற்குச் சாட்சி. வண்டி நம் கையில் இருக்கும்வரை மேலே சட்டப்படியான நிறமும் மறைவில் பழைய பச்சையுமாக விட்டுவைப்பதே சரி.

பஞ்சமும் ஓர் அடையாளம்

புல்லட்டுக்கு முன்பு நம் ஊர்களில் ஓடியவை போர்க்கால இங்கிலாந்து வண்டிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 'டிஸ்போசல்' என்று விற்றார்களே, அவைதான். பி.எஸ்.ஏ. எம்-20, நார்ட்டன் 16-எச் போன்றவை. எம்-20 மட்டும் சுமார் 1,26,000 வண்டிகள் செய்தார்கள். இவற்றின் நிறத்திலும் ஆண்டு எழுதியிருக்கிறது. போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை. 1942 வாக்கில் பழுப்பு. 1944-லிருந்து ஆலிவ் பச்சை. நடுவில் பழுப்பு வந்தது அழகுக்காக இல்லை. பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததால்.

ரப்பரும் அப்படித்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் வசமாயின. அந்தத் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பகுதி நம் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன ஏழைகள். அங்கே ரப்பர் நின்றதும் இங்கிலாந்தில் ராணுவ மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி ரப்பர் இல்லாமல் போயிற்று. கான்வாஸ் துணி சுற்றிய கைப்பிடி, ரப்பர் இல்லாத வெறும் இரும்புக் கால்மிதி என்று வண்டிகள் வந்தன. இன்று அந்தக் காலத்து எம்-20 ஒன்றைப் புதுப்பிக்கிறவர் அழகான ரப்பர் கைப்பிடி மாட்டினால், ஒரு பெரிய கதையைக் கழற்றிப் போடுகிறார் என்று அர்த்தம்.

கொரியப் போர்க் காலத்திலும் ஒரு பஞ்சம். குரோமிய முலாமுக்கு அடியில் நிக்கல் பூச வேண்டும். 1951, 52-ல் நிக்கல் கிடைக்காததால் இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் டேங்குக்கும் சக்கர வளையத்துக்கும் குரோமியம் போடாமல் பெயின்ட் அடித்தார்கள். அப்படி வந்த 1952 வண்டிக்கு இன்று குரோமியம் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது 1952 இல்லை. அதே மாதிரி, 1920களின் வண்டியில் நீலச் சாயல் அடிக்கும் குரோமியம் இருந்தால் சந்தேகப்படலாம். அந்தக் காலத்தில் போட்டது மஞ்சள் சாயல் உள்ள நிக்கல் முலாம். குரோமியம் பரவியது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான்.

ஏன் இவ்வளவு கவலை?

பழைய இரும்புக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். முதல் காரணம் பணமும் சட்டமும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர வாகனங்களுக்கும் அதில் இடம் உண்டு, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பதிவு எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. 'அசல்' என்ற சொல்லுக்கு இப்போது விலை இருக்கிறது. விலை இருக்கும் இடத்தில் போலியும் வரும். எண்ணை ராவுகிறவனும், புது பேட்ஜை ஒட்டுகிறவனும் அதற்காகத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பணத்தில் சேராது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 1960களின் புல்லட் ஒன்று இருந்தது. பெரியவர் அதில்தான் நாற்பது வருடம் வேலைக்குப் போனார். அவர் காலமான பிறகு, அம்மாவை மகிழ்விக்க வேண்டும் என்று மகன் அதை ஓர் ஒர்க்‌ஷாப்பில் புதுப்பிக்கக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆறு மாதம் கழித்து வண்டி வந்தது. டேங்க் புதிது, மட்கார்டு புதிது, டூல்பாக்ஸ் புதிது, எழுத்து 'ராயல் என்ஃபீல்டு'. பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டால் எடைக்குப் போட்டுவிட்டோம் என்று பதில். அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்து டேங்கின் இடது பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு பள்ளம் இருக்குமாம். மகன் சின்ன வயதில் வண்டியைச் சாய்த்துவிட்டதில் விழுந்த பள்ளம். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மகன் இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

அந்த டேங்கோடு போனது ஒரு குடும்பத்தின் பள்ளம் மட்டும் இல்லை. திருவொற்றியூரில் யாரோ மூச்சை அடக்கி இழுத்த ஒரு கோடும் போனது. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பெயர் எந்தப் பேட்ஜிலும் இல்லை. அவர்கள் கைப்பட்ட அடையாளம் அந்தப் பெயின்டிலும் கோட்டிலும்தான் மிச்சம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டுப் பின்கட்டிலோ பழைய வண்டி தூசி படிந்து நின்றால் இதை மட்டும் செய்யுங்கள். முதலில் தண்ணீரும் சோப்பும் போதும். வாட்டர் பேப்பரும் பெயின்ட் ரிமூவரும் வேண்டாம். எல்லாப் பக்கமும், முக்கியமாக அடிப்பக்கமும், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எண்களைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். பழைய குடும்பப் படங்களில் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் டேங்கில் என்ன எழுதியிருந்தது, கோடு எங்கே ஓடியது, ஹெட்லைட் எந்த வகை என்பதெல்லாம் தெரியும்.

ஓடுவதற்குத் தேவையான டயர், டியூப், வயர், பிரேக் கட்டை ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள். உயிரை விட அசல் பெரிதில்லை. ஆனால் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சாக்கில் கட்டி, தேதி எழுதிச் சீட்டு வைத்து வீட்டிலேயே வையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும்போதே 'பழைய சாமான் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றால், டேங்கின் அடிப்பக்கத்தையும் டூல்பாக்ஸின் உட்புறத்தையும் தொடாமல் விடச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது தேடினால் அங்கே பதில் இருக்கும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஆலையில் வேலை பார்த்தவர்கள் நம்மில் பலர் இன்னும் இருக்கிறோம். எந்த வருடம் எந்த நிறம் அடித்தார்கள், எப்போது எந்தப் பாகம் மாறியது, கோடு போட்டவர்கள் யார் யார் என்று நினைவில் இருப்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால் 'மகள் பிறந்த வருஷம்', 'தீபாவளி போனஸ் தகராறு வருஷம்' என்றாவது எழுதுங்கள். வாட்டர் பேப்பரால் தேய்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன.